19ஆம் நூற்றாண்டு அமெரிக்க மேயர் ஒருத்தரோட வாழ்க்கையைத் தேடி எழுதுறது எப்படி

அந்தக் காலத்து அமெரிக்க மேயர், அதுவும் பெரிய பிசினஸ்மேனா இருந்தவர் ஒருத்தரைப் பத்தி எழுதணும்னா எல்லாரும் அவர் மேயரா இருந்த வருஷத்துல இருந்துதான் ஆரம்பிக்கிறாங்க, கட்டுரையும் அங்கேயே படுத்துடுது. ஏன்னா பல ஊர்ல மேயர் பதவி வெறும் ஒரு வருஷம்தான். சிகாகோவோட முதல் மேயர் வில்லியம் பட்லர் ஆக்டன் 1837ல ஜெயிச்சார், அடுத்த வருஷம் இறங்கிட்டார், ஆனா அவர் அந்த ஊருக்குப் பண்ணதுல பெரும்பகுதி நிலத்துலயும் ரயில்லயும்தான் இருக்கு. அதனால பதவியை ஓரமா வச்சுட்டு பணம் எங்கேருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு பாருங்க. ஆக்டனையே வச்சு சொல்றேன்.

முதல்ல அந்த ஆள் ஊருக்கு ஏன் வந்தார்னு கண்டுபிடிங்க. ஆக்டன் 1805ல நியூயார்க் மாநிலத்துல வால்டன்ல பொறந்தவர், 1835ல சிகாகோ வந்ததே கூடப் பொறந்த சகோதரியோட வீட்டுக்காரர் சார்லஸ் பட்லர் சம்பந்தப்பட்ட நிலத்தை வித்துக் குடுக்கத்தான். ஒரு லட்சம் டாலர் போட்டு வாங்குன இடம், வந்து பாத்தா சேறும் தண்ணியும், மச்சானுக்கு எரிச்சலா லெட்டர் போட்டார், அப்புறம் அதுல மூணுல ஒரு பங்கு வித்ததுலயே போட்ட முதல் திரும்பிடுச்சுன்னு கதை போகும். நல்ல கதைதான், ஆனா இங்க நிக்காதீங்க. அந்த நிலம் அதுக்கு முன்னாடி யாரோடதுன்னும் எழுதுங்க. அந்தப் பகுதியோட பூர்வகுடிகளான பொட்டாவட்டமி மக்கள் 1833 சிகாகோ ஒப்பந்தத்துல கடைசியா மிச்சமிருந்த நிலத்தையும் விட்டுக்குடுக்க வேண்டி வந்துச்சு, ஆக்டன் வந்த அதே 1835லதான் அவங்க அங்கேருந்து கிளம்புனாங்க. இதைச் சொல்லாம நில விலை ஏறுன கதையை மட்டும் எழுதுனா பாதி வரலாறுதான்.

அடுத்து சென்சஸ். 1840 வரைக்கும் குடும்பத் தலைவர் பேர் மட்டும்தான் இருக்கும், மத்தவங்க எல்லாம் வயசுவாரியா வெறும் எண்ணிக்கை. 1850ல இருந்துதான், அடிமையா வச்சிருந்தவங்களைத் தவிர, வீட்டுல இருக்கிற ஒவ்வொருத்தர் பேரும் வருது. பிசினஸ் ஆளுக்கு இது தங்கச் சுரங்கம், ஏன்னா 1850 பாரத்துல தொழில் பக்கத்துலயே நிலம் வீடு எவ்வளவு மதிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு, 1860லயும் 1870லயும் கூடவே மத்த சொத்துக்கு தனிக் கட்டம். மூணு வருஷத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க, ஆள் ஏறுனதும் இறங்குனதும் தெரியும் (அவங்களே சொன்ன மதிப்புதான், அப்படியே நம்பிடாதீங்க). 1880க்கு முன்னாடி யாருக்கு யார் என்ன உறவுன்னு எழுத மாட்டாங்க, அதனால ஒரே வீட்டுல இருக்கிற சின்னப் பொண்ணை மகள்னு முடிவு பண்ணிடாதீங்க. ஆக்டன் கல்யாணம் பண்ணதே 1875ல, கிட்டத்தட்ட 70 வயசுல. 1890 சென்சஸ் பெரும்பாலும் அழிஞ்சு போச்சு, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேணாம்.

பத்திரப் பதிவுதான் சிகாகோவுல பெரிய தலைவலி. 1871 அக்டோபர் 8 ராத்திரி ஆரம்பிச்ச தீயில கோர்ட் ஹவுஸும் அதுல இருந்த ரெக்கார்டும் போச்சு. சொத்து வில்லங்கம் பாத்துக் குடுக்குற தனியார் கம்பெனிங்க தங்களோட நோட்டுங்களைக் காப்பாத்துனதாலதான் யார் நிலம் யாருதுன்னு பின்னாடி நிரூபிக்க முடிஞ்சுது. உங்க ஆள் வேற ஊர்க்காரரா இருந்தாலும் அந்த ஊர் கோர்ட் ஹவுஸ் எப்பயாச்சும் எரிஞ்சிருக்கான்னு முதல்ல கேட்டுடுங்க.

ஆக்டனுக்கு அந்த ஒரே நாள்ல ரெண்டு அடி. சிகாகோவுல அவர் வீடு எரிஞ்சுது, அன்னைக்கே விஸ்கான்சின்ல பெஷ்டிகோவும் எரிஞ்சுது, அங்கதான் அவரோட மர ஆலை இருந்துச்சு. சிகாகோவுல செத்தவங்க சுமார் 300, பெஷ்டிகோ பக்கம் ஆயிரத்துக்கும் மேல. ஆனா பேர் வாங்குனது சிகாகோ தீ. அதனால ஆள் குடியிருந்த ஊரோட நிக்காம அவர் பணம் போட்ட ஊரையும் தேடுங்க.

ரயில் கதையை மட்டும் நிதானமா எழுதுங்க, மனுஷன் யாருன்னு அதுலதான் தெரியுது. கலீனா அண்ட் சிகாகோ யூனியன் ரயில்வேக்கு 1836லயே சார்ட்டர், அதாவது கம்பெனி நடத்த அரசு அனுமதி, இருந்துச்சு, அப்புறம் பத்து வருஷம் காகிதத்துலயே தூங்குச்சு. ஆக்டன் கையில எடுத்தப்போ கிழக்குப் பக்கத்து முதலீட்டுக்காரங்க பணம் தரல, உள்ளூர் கடைக்காரங்களுக்கும் பயம், விவசாயி வண்டி கட்டி ஊருக்கு வந்தாத்தானே சரக்கு வாங்குவான், ரயில் வந்தா வருவானான்னு. ஆக்டன் பாதையோரம் இருந்த விவசாயிகள்கிட்டயே நேரா போயி கொஞ்சம் கொஞ்சமா கட்டுற மாதிரி பங்கு வித்தார். 1848ல பயோனியர்ங்கிற பழைய செகண்ட் ஹேண்ட் இன்ஜின் ஓட ஆரம்பிச்சுது. ஆனா 1862ல யூனியன் பசிபிக் ரயில் கம்பெனியோட முதல் தலைவர்னு பாத்தவுடனே கண்டம் தாண்டுன ரயிலைக் கட்டுனவர்னு எழுதிடாதீங்க, அடுத்த வருஷமே வேற ஒருத்தர் அந்த இடத்துக்கு வந்துட்டார். பட்டம் வேற, வேலை வேற.

பேப்பர் படிக்கறப்போ ரெண்டு கட்சியையும் படிங்க. அன்னைக்கு பேப்பர்னா கட்சிப் பேப்பர்தான். ஆக்டன் டெமாக்ரட், எதிர்த்து நின்ன ஜான் கின்சி விக் கட்சி, அதனால சிகாகோ டெமாக்ரட்ங்கிற பேப்பர்ல வந்ததை மட்டும் எடுத்தா ஒரு பக்க நியாயம்தான் கிடைக்கும். லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல நிறைய ஊரோட பழைய பேப்பர் இலவசமாவே இருக்கு, தேடறப்போ பேரை ரெண்டு மூணு ஸ்பெல்லிங்ல போடுங்க. 1870க்கு மேல வந்த தடிமனான மாவட்ட வரலாறு புத்தகங்கள்ல பாதிக்கு மேல சந்தா கட்டுனவங்களைப் பத்தின புகழுரைதான், தேதிக்கு வச்சுக்கோங்க, குணத்துக்கு வேணாம்.

தொகையை இன்னைய டாலர்ல மாத்திப் போட்டு வாசகரை வாய் பிளக்க வைக்காதீங்க. கூலிக்காரருக்கு நாளைக்கு ஒரு டாலர் சுமாரா கிடைச்ச காலம்னு சொன்னாலே ஒரு லட்சம் டாலர்னா என்னன்னு புரிஞ்சுடும்.

கடைசியா உயில். ஆள் எங்க பேர் வாங்குனாரோ அங்க தேடாதீங்க, செத்தப்போ எங்க குடியிருந்தாரோ அந்த கவுண்டியில (நம்ம மாவட்டம் மாதிரி) தேடுங்க. ஆக்டன் கடைசி காலத்துல நியூயார்க் பக்கம் போயிட்டார், 1877 ஆகஸ்ட்ல அங்கதான் இறந்தார், பிராங்க்ஸ்ல உட்லான் கல்லறையில அடக்கம். ஆவணக் காப்பகத்துக்கு மெயில் போடறப்போ முழுப் பேர், இறந்த தேதி, கவுண்டி மூணையும் குடுத்து, உயிலோட சேர்த்து சொத்துப் பட்டியலும் இருக்கான்னு தனியா கேளுங்க, கேக்கலைன்னா உயிலை மட்டும் ஸ்கேன் பண்ணி அனுப்பிடுவாங்க.