கபடிக் களத்தில் இரண்டு பெண்களின் காதல்: எழுத உட்காரும் முன்

முதலில் ஆட்டத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு ரெய்டுக்கு, அதாவது ஒருத்தி பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போய்த் தொட்டுத் திரும்புவதற்கு, 30 விநாடிதான். அதற்குள் உங்கள் நாயகி பாடிக்கொண்டே எதிரணிப் பெண்ணின் கண்ணழகை அரைப் பக்கத்துக்கு ரசித்துக்கொண்டிருந்தால், கபடி ஆடியவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள். கணுக்காலைப் பிடித்து இழுப்பது ஆட்டம், அதைச் சரசமாக்க வேண்டாம். சிராய்த்த முழங்காலுக்கு மருந்து போடும்போது கை நடுங்கட்டும், போதும்.

அப்புறம், வீட்டுக்குத் தெரிந்ததும் ஒருத்தியைச் சாகடிக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம் (எத்தனை கதைதான் படிப்பது!). அதற்காகப் பயமே இல்லாத உலகமும் சரியில்லை: தன்பால் உறவு குற்றமல்ல என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும், 2019-இல் ஒரு பெண்ணோடான தன் காதலை வெளியே சொன்ன ஓட்ட வீராங்கனை துத்தீ சந்துக்கு வீட்டிலேயே எதிர்ப்பு வந்தது. விடுதி அறை, ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை, எல்லாம் கதைக்குள் வரட்டும். எழுதியதை அந்த வாழ்க்கை வாழ்கிற ஒருவரிடம் காட்டுங்கள், காசு கொடுத்து.