காந்தி எதிர்த்தது அரூரையா? பிரதிநிதித்துவப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரியில் சனி, ஞாயிறுகளில் குரூப் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியலமைப்புப் பாடம் எடுக்கிறேன். போன வாரம் விடைத்தாள் திருத்தும்போது சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. பத்து வருடத்துக்கு முன் நான் செய்த அதே தப்பு. ஆண்டை மாற்றி எழுதுவது, குழுத் தலைவர் பெயரை மறப்பது எல்லாம் இன்னொரு முறை படித்தால் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

இரண்டு விஷயத்துக்கு ஒரே சொல்

"காந்தி தனித் தொகுதியை எதிர்த்து உண்ணாவிரதம் இருந்தார்." எழுதியவர் அரூர்க்காரர். கூப்பிட்டுக் கேட்டேன்.

"அரூர் என்ன தொகுதிப்பா?"

"தனித் தொகுதி சார்."

"அங்க யாரு ஓட்டுப் போடறாங்க?"

"எல்லாரும்தான் சார்."

"அப்போ காந்தி எதிர்த்தது அரூரையா?"

பதில் இல்லை.

அரூரும் ஊத்தங்கரையும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கிய தொகுதிகள். நிற்பவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும், ஓட்டு எல்லோருக்கும் உண்டு. 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்தது வேறு: ஒடுக்கப்பட்ட வகுப்பின் (இன்று பட்டியல் சாதியினர் என்கிறோம்) உறுப்பினரை அந்த வகுப்பு வாக்காளர்கள் மட்டுமே தேர்ந்தெடுப்பார்கள். அது தனி வாக்காளர் தொகுதி. நாம் இரண்டையும் தனித் தொகுதி என்றே சொல்லிப் பழகிவிட்டோம், வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் இருந்தது பின்னதை எதிர்த்து. செப்டம்பர் 24 பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர் அதை விட்டுக்கொடுத்தார், மாகாண சபைகளில் 71 இடம் 148 ஆனது. அதிலும் ஒரு முதற்கட்டம் இருந்ததை யாரும் எழுதுவதில்லை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் முதலில் நான்கு பேரைப் பொறுக்கித் தர வேண்டும், அந்த நால்வரில் ஒருவரை எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள்.

அரசியலமைப்பை எழுதிய அரசியல் நிர்ணய சபை அந்த முதற்கட்டத்தையும் எடுத்துவிட்டது. 1947 ஆகஸ்டில் பட்டேல் தலைமையிலான ஆலோசனைக் குழுவின் அறிக்கை விவாதத்துக்கு வந்தபோது, சென்னை மாகாணத்து நாகப்பா ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: ஒதுக்கிய இடத்தில் ஜெயிப்பவர் பட்டியல் சாதியினர் போட்ட ஓட்டில் 35 சதவீதமாவது வாங்கியிருக்க வேண்டும். சொந்த மக்களின் நம்பிக்கை இல்லாதவர், மற்றவர் ஓட்டிலேயே ஜெயித்துவிடக் கூடாதே என்ற கவலை. (இன்றைக்கும் டீக்கடையில் கேட்கிற கவலைதான்.) பட்டேல் ஏற்கவில்லை. முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி கேட்ட போக்கர் சாகிபின் திருத்தமும் தோற்றது. கடைசியில் நின்றது இதுதான்: எல்லோருக்கும் ஒரே வாக்காளர் பட்டியல் என்று 325வது பிரிவு, ஒதுக்கிய இடங்களுக்கு 330, 332.

நான் மெயின்ஸில் "பூனா ஒப்பந்தத்தால் தனி வாக்காளர் தொகுதி கிடைத்தது" என்று இரண்டு பக்கம் எழுதினேன், அதுவும் அடிக்கோடு போட்டு. நேர்முகத் தேர்வு சில மார்க்கில் போனது.

சிறுபான்மையினரை மறப்பது

1947இல் ஆலோசனைக் குழுவின் அறிக்கையை சபை ஏற்றபோது மதச் சிறுபான்மையினருக்கும் ஒதுக்கீடு இருந்தது. 1949 மே மாதம்தான் கைவிட்டார்கள். ஒதுக்கீடு வேண்டாம் என்றவர்களில் சபையின் முஸ்லிம் உறுப்பினர் பேகம் ஐசாஸ் ரசூலும் ஒருவர்.

பத்து வருடக் கதை

"இடஒதுக்கீடே பத்து வருடத்துக்குத்தான்" என்று எழுதுகிறார்கள். 334வது பிரிவு சொன்ன பத்து ஆண்டு மக்களவை, சட்டமன்ற இடங்களுக்கு. வேலைக்கும் படிப்புக்கும் அல்ல.

மாநிலங்களவையை செனட் ஆக்குவது

மாநிலங்களவையிலும் எல்லா மாநிலத்துக்கும் சம இடம் என்று எழுதுகிறார்கள். அமெரிக்க செனட்டில்தான் மாநிலத்துக்கு இரண்டு பேர். 1787 ஜூலையில் பிலடெல்பியாவில் சின்ன மாநிலங்கள் விடாப்பிடியாக நின்று வாங்கியது அது. இங்கே தமிழ்நாட்டுக்கு 18, சிக்கிமுக்கு 1.