சிங்கப்பூர், மலேசியா போகிறீர்களா? பணத்தை இப்படி மாற்றுங்கள், இப்படி வைத்துக்கொள்ளுங்கள்

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், மலேசியாவுக்குக் குழுக்களை அழைத்துப் போவது என் தொழில். பெரும்பாலும் பெரியவர்கள், பத்துமலை முருகனையும் சிராங்கூன் சாலைக் காளியம்மனையும் பார்க்க வருகிறவர்கள். கிளம்பும் முன் எல்லோரும் கேட்பது, "அங்கே திருட்டுப் பயம் உண்டா?" என்றுதான். என்னோடு வந்தவர்களில் பிக்பாக்கெட்டில் பணம் விட்டவர்கள் குறைவு. மாற்றும் கவுன்டரிலும் கார்டு மெஷினிலும் தெரியாமலே விட்டவர்கள்தான் அதிகம். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மாற்றுவதை விமான நிலையம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஊருக்குள்ளேயே ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற கடைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று கடைகளுக்குப் போன் போட்டு, "500 சிங்கப்பூர் வெள்ளிக்கு (அங்கே டாலரை அப்படித்தான் சொல்வார்கள்) ஜி.எஸ்.டி., சார்ஜ் எல்லாம் சேர்த்து எவ்வளவு ரூபாய் தர வேண்டும்?" என்று கேளுங்கள். "இன்றைக்கு ரேட் என்ன?" என்று மட்டும் கேட்டால், ரேட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டு சார்ஜில் பிடித்துக்கொள்வார்கள். பாஸ்போர்ட், டிக்கெட், பான் கார்டு கையில் இருக்கட்டும். 50,000 ரூபாய்க்கு மேல் மாற்றினால் ரொக்கம் வாங்க மாட்டார்கள். வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும். ஒரு பயணத்துக்கு வெளிநாட்டு நோட்டாக 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரைதான் வாங்கலாம், மீதியை அதற்கென்றே தரும் ஃபாரெக்ஸ் கார்டில் ஏற்றிக்கொள்ளலாம். நம்ம ஊர் ரூபாய் 25,000 வரை எடுத்துப் போகலாம்.

பில் வாங்காமல் நகராதீர்கள். சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டியது அதுதான். பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் வாங்கி, அதில் கள்ளநோட்டு இருந்தால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

இன்னொன்று, திருச்சி விமான நிலையத்தில் வரும் தொல்லை. "இந்தக் கவரை மட்டும் அங்கே என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது நல்லவர் போலப் பேசுவார். உள்ளே வெளிநாட்டு நோட்டுக் கட்டு இருந்தால், சுங்க அதிகாரிக்கு நீங்கள்தான் குருவி, அதாவது கடத்திப் போகிற ஆள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் வாங்காதீர்கள். என் குழுவில் இதற்கு மட்டும் நான் முகம் பார்ப்பதில்லை.

மலேசியப் பணமான ரிங்கிட்டைத் திருச்சியில் மொத்தமாக வாங்காதீர்கள். நேராகக் கோலாலம்பூர் போனால் முதல் நாள் செலவுக்குக் கொஞ்சம் போதும். சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் சிங்கப்பூர் வெள்ளியைக் கொடுத்து அங்கேயே ரிங்கிட் வாங்கிக்கொள்ளலாம். ரேட் நன்றாகவே இருக்கும். முஸ்தபா சென்டர் பக்கமும், ராபிள்ஸ் பிளேஸில் 'தி ஆர்கேட்' கட்டடத்திலும் மாற்றுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தமிழிலேயே பேசலாம்.

கடைப் பலகையில் ஒவ்வொரு நாட்டுப் பணத்துக்கும் இரண்டு எண் இருக்கும்: அவர்கள் வாங்கும் விலை, விற்கும் விலை. இரண்டுக்கும் இடைவெளி குறைவாக இருக்கும் கடைதான் நல்ல கடை. 'கமிஷன் இல்லை' என்ற பலகையைப் பார்த்து மயங்க வேண்டாம், கமிஷன் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது. பணத்தை நீட்டும் முன் கையில் மொத்தம் எவ்வளவு வரும் என்று கால்குலேட்டரில் காட்டச் சொல்லுங்கள். வாங்கியதை ஜன்னலிலேயே எண்ணுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். 10, 50 வெள்ளி நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். 1,000 வெள்ளி நோட்டை 2021 முதல் புதிதாக வெளியிடுவதில்லை. செல்லும்தான், ஆனாலும் இட்லிக் கடையில் நீட்டினால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

அப்புறம் கார்டு. ஊரிலிருந்தே வங்கியின் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து வைத்துவிடுங்கள். நாமாகத் திறந்தால்தான் வேலை செய்யும். கடையில் கார்டைத் தட்டும்போது மெஷின் சில சமயம், "இந்திய ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா?" என்று கேட்கும். ரூபாய் என்று பார்த்ததும் நம்மவர்களுக்கு ஒரு நிம்மதி வந்து அதையே அழுத்திவிடுகிறார்கள். அங்கேதான் காசு போகிறது. அந்த மாற்று விலை மெஷின்காரர் வைப்பது. எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள். கடைக்காரர் தானே அழுத்திவிட்டால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்லுங்கள். ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி வரும், இதே பதில்தான். ஏ.டி.எம்.மில் ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் கட்டணம் இருக்கும் என்பதால் சிறுகச் சிறுக எடுக்காதீர்கள். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே வேண்டாம், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும். சிங்கப்பூர் எம்.ஆர்.டி. ரயிலில் கார்டைத் தட்டியே போகலாம், ஆனால் வெளிநாட்டுக் கார்டுக்கு நாளுக்கு 60 சிங்கப்பூர் காசு (சென்ட்) தனியாகப் பிடிப்பார்கள். யு.பி.ஐ. சில கடைகளில் ஓடுகிறது, அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

வைத்துக்கொள்ளும் விஷயத்தில் அம்மாக்களின் சுருக்குப்பைக்கும் ஐயாக்களின் பட்டாபட்டிப் பைக்கும் நான் எதிரி இல்லை. உள்ளதிலேயே பத்திரமான இடம் அதுதான். ஆனால் பத்துமலை வாசலில் ஒரு இளநீருக்காக மொத்தக் கட்டையும் வெளியே எடுத்து விரல் நனைத்து எண்ணுகிறார்களே, அதுதான் சிக்கல். அன்றன்றைய செலவை அறையிலேயே பிரித்துச் சின்ன பர்ஸில் போட்டுக்கொண்டால் உள்பையை வெளியில் தொட வேண்டியிருக்காது. கணவன் மனைவியாக வந்தால் பணத்தைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு கார்டு. விமானத்தில் ஏற்றும் பெட்டிக்குள் பணம் வைக்கவே கூடாது. கார்டு தொலைந்தால் கூப்பிட வேண்டிய எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். 1800 எண் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து போகாது, 91 என்று தொடங்கும் எண்ணைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

திரும்பும்போது மிச்ச நோட்டைப் பதறி மாற்ற வேண்டியதில்லை. 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்; அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் மாற்றிவிட வேண்டும். சில்லறைக் காசை மட்டும் இங்கே யாரும் வாங்க மாட்டார்கள். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலேயே டீ குடித்துத் தீர்த்துவிட்டு விமானம் ஏறுங்கள்.