கார் நிறுத்த இடத்தோடு வாடகை வீடு பார்க்கும்போது

புறநகர் கிராமத்தில் இடத்துக்கா பஞ்சம் என்று நினைத்துப் பலரும் பார்க்கிங்கைக் கடைசியில்தான் விசாரிக்கிறார்கள். அதை முதலில் கேளுங்கள். "பார்க்கிங் உண்டு" என்ற பதில் போதாது. கூரை இருக்கிறதா, உங்கள் வீட்டுக்கென்று எண் போட்டு ஒதுக்கியதா, முந்தி வருபவருக்கா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

கையில் அளவு டேப்போடு போங்கள். நடுத்தரக் காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் தேவை. பக்கத்தில் தூணோ சுவரோ இருந்தால் இன்னும் 30 சென்டிமீட்டர் அகலம் வேண்டும். இல்லாவிட்டால் கார் உள்ளே போய்விடும், கதவைத் திறந்து நீங்கள் இறங்க முடியாது. முடிந்தால் உங்கள் காரையே ஒருமுறை உள்ளே விட்டு எடுத்துப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை கிடையாது. சரிவுப் பாதையில் அடிப்பாகம் உரசுகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பகலில் காலியாகத் தெரியும் இடம் இரவில் வேறு மாதிரி இருக்கும். எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, 9 மணிக்கு மேல் மறுபடி போய், உங்கள் இடத்தை மறித்து யாராவது நிறுத்துகிறார்களா என்று பாருங்கள். அடித்தளப் பார்க்கிங் என்றால் சுவரின் கீழ்ப்பகுதியில் தண்ணீர் நின்ற கறையைத் தேடுங்கள். புதிதாக அந்த உயரத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பார்க்கிங் எண், எத்தனை வண்டி, கட்டணம் வாடகையில் சேர்ந்ததா என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தாக வர வேண்டும். அந்த இடம் உண்மையில் வீட்டுக்காரருக்கு ஒதுக்கியதுதானா என்று குடியிருப்போர் சங்கத்திடம் கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். பொது இடத்தைத் தன்னுடையது என்று காட்டுபவர்களும் உண்டு.