விறகுச் சூளையில் உமியைக் கொட்டுவதற்கு முன்

சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கம் அரிசி ஆலைகளில் உமி குவிந்து கிடக்கிறது. விறகு விற்கிற விலையில் செங்கல் சூளைக்காரர் அதைத் தேடிப் போவது நியாயம்தான். ஆனால் முதல் சூளையிலேயே பாதிக் கல் வேகாமல் போக, "உமி நமக்குச் சரிப்படாது" என்று மறுபடி சீமைக்கருவேலத்துக்கே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. உமி மேல் குற்றமில்லை. விறகு போடுகிற மாதிரியே உமியையும் போட்டால் அப்படித்தான் ஆகும்.

விறகுக் கட்டைகளுக்கு இடையே காற்று தானாக வழி கண்டுகொள்ளும். உமி அடைந்துகொள்ளும். அதன் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும், பெரும்பாலும் சிலிக்கா, அதாவது எரியாத மணல் சத்து. மூட்டை மூட்டையாகச் சூளை வாயில் தள்ளினால் மேலாகக் கருகி, உள்ளே கனல் பிடிக்காமல் புகைந்துகொண்டே கிடக்கும். விறகு வைத்துச் சூளையை நன்றாகச் சூடேற்றிய பிறகு, உமியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். சாம்பலை அடிக்கடி இழுத்துவிட வேண்டும். வாய்க்குள் இரும்புக் கம்பிகளை வரிசையாகப் பரப்பி, அடியில் காற்று புக இடம் விட்டால் பாதித் தொல்லை தீரும். விறகை ஒரேயடியாக ஒழித்துவிடுவேன் என்ற வைராக்கியம் வேண்டாம்.

ஒரு டன் விறகுக்கு ஒரு டன் உமி என்று கணக்குப் போடுவது இன்னொரு தவறு. உமியில் கிலோவுக்கு 3,000 முதல் 3,500 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும். நன்றாகக் காய்ந்த விறகில் 4,000-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ கிடைக்கும். கல் வேக 900 டிகிரிக்குக் குறையாமல் வேண்டும். கடைசி ராத்திரி உமி தீர்ந்துபோனால் அதுவரை எரித்ததும் வீண்.

எல்லாவற்றையும்விட அதிகம் பணம் தின்பது ஈரம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோகலோரி போய்விடும். ஐப்பசி மழையில் நனைந்த உமியையும் பச்சைத் தென்னை மட்டையையும் போடுகிறவர், காசு கொடுத்துத் தண்ணீர் காய்ச்சுகிறார். ஒரு தார்ப்பாய்ச் செலவில் தீருகிற விஷயம் இது.

இன்னும் சுடாத பச்சைக் கல்லின் ஈரமும் அப்படித்தான். தீயை அவசரமாக ஏற்றினால் உள்ளே நீராவி முட்டிக் கல் வெடிக்கும். குளிர்ந்த இரும்புக் கம்பியைச் சூளை மேலே வருகிற புகையில் ஒரு நொடி நீட்டிப் பாருங்கள். நீர் முத்து கோத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, மெதுவாகவே போங்கள்.

மண்ணோடு உமியோ மரத்தூளோ பிசைந்து கல் அறுப்பது நல்ல யோசனை. கல்லே உள்ளிருந்து எரியும். அளவு மிஞ்சினால் கல் புரையோடிப்போய் உதிரும். அதனால் ஐம்பது கல்லை மட்டும் அப்படி அறுத்து, வழக்கமான சூளையின் நடுவே வைத்து வேகவிடுங்கள். அப்புறம் ஒன்றை உடைத்துப் பாருங்கள். நடுவே கறுப்பு இருந்தால் காற்றும் நேரமும் போதவில்லை.

டயர், பிளாஸ்டிக் எல்லாம் மாற்று எரிபொருள் கணக்கில் வராது. 2022-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகள் சூளைகளில் அவற்றை எரிக்கத் தடை விதிக்கின்றன. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது சூளையடியில் குடிசை போட்டிருக்கிறவர்களின் பிள்ளைகள்.

கல்லில் வெள்ளையாக உப்புப் பூத்தால் உடனே உமியைத் திட்டாதீர்கள். மண் பிசைந்த போர்த் தண்ணீரை நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். பல நேரம் உப்பு அங்கேதான் இருக்கும்.