மூளைக் கட்டிப் பதிவேட்டில் மருத்துவமனை சேரும்போது

மூளைக் கட்டி வந்த குழந்தைகளின் விவரங்களைத் திரட்டும் தேசியப் பதிவேட்டில் சேர முடிவெடுத்த மருத்துவமனை முதலில் இந்த வேலைக்கென்று ஒருவரை நியமிக்க வேண்டும். எல்லோருடைய பொறுப்பு என்று விட்டால் யாரும் செய்ய மாட்டார்கள். குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் அந்த வேலையைச் செய்பவள் நான். நெறிமுறைக் குழுவின் அனுமதி, தரவுப் பகிர்வு ஒப்பந்தம், விதி கோரினால் பெற்றோரின் ஒப்புதல் ஆகியவை பொறுமையாக அலைந்தால் முடிந்துவிடும்.

குழந்தைகளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். திசுவைச் சோதித்துத் தரும் நோயியல் அறிக்கைகளை மட்டும் நம்பாதீர்கள். மூளைத்தண்டில் பரவும் கிளையோமா என்ற கட்டியைப் பல நேரங்களில் எம்.ஆர்.ஐ. படத்தைக் கொண்டே உறுதி செய்கிறார்கள், திசு எடுப்பதில்லை. அந்தக் குழந்தை ஸ்கேன் பிரிவின் பட்டியலில்தான் இருக்கும். தலையில் நீர் கோத்து, அவசரமாக ஷன்ட் என்ற வடிகுழாய் வைத்தும் பிழைக்காத குழந்தையின் பெயர் அறுவை அரங்கப் பதிவில் மட்டும் இருக்கும். அவர்களை விட்டுவிட்டால் பிழைத்தோர் விகிதம் உண்மையைவிட அழகாகத் தெரியும். எனக்கு அது பொறுக்காது. வாரந்தோறும் எல்லாப் பட்டியல்களையும் ஒப்பிடுங்கள். கிரேனியோபேரிஞ்சியோமா புற்றுநோய் அல்ல என்று ஒதுக்கிவிடாதீர்கள். பார்வையையும் ஹார்மோன்களையும் பறிக்கக்கூடிய கட்டி அது.

அடுத்தது நோயின் பெயர். ‘மெடுல்லோபிளாஸ்டோமா’ என்ற சிறுமூளைப் புற்றுக்கட்டியின் பெயரை மட்டும் எழுதினால் போதாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு, கட்டியின் மரபணு மாற்றங்களைக் கொண்டு பிரிக்கும் மூலக்கூறு வகையையும் கேட்கிறது. டபிள்யூ.என்.டி. என்ற வகைக் கட்டி வந்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கிறார்கள்; ‘மூன்றாம் குழு’ என்ற வகையில் போராட்டம் கடுமையானது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் அந்தத் தரவால் யாருக்குப் பயன்? சோதனை செய்யாவிட்டால் ‘செய்யப்படவில்லை’ என்று எழுதுங்கள். காலியாக விட்ட கட்டம், சோதனை நடக்கவில்லையா, முடிவு கிடைக்கவில்லையா என்பதைச் சொல்லாது. அறுவைக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் எம்.ஆர்.ஐ. எடுத்தார்களா, எவ்வளவு கட்டி மிஞ்சியது, முதுகுத்தண்டுக்குப் பரவியதா என்பவற்றையும் குறியுங்கள்.

அறுவை ஓரிடத்தில், கதிர்வீச்சு வேறிடத்தில் என்று குழந்தைகள் இடம் மாறுவார்கள். ஒரே குழந்தை இருமுறை எண்ணப்படாமலிருக்க, மற்ற மருத்துவமனையின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுதோறும் தொடர்புகொள்ளுங்கள். அழைக்கும் முன் மருத்துவக் கோப்பைப் பாருங்கள். குழந்தையை இழந்த தாயிடம் நலம் விசாரிக்கும் கொடுமை நேரக் கூடாது. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து பெற்ற குழந்தைக்குக் காது கேட்கிறதா, தலைக்கும் முதுகுக்கும் கதிர்வீச்சு பெற்ற குழந்தை உயரம் கூடுகிறதா, பள்ளிப் பாடம் புரிகிறதா என்று கேளுங்கள். பெற்றோர் சொல்லும் பதிலை அன்றே பதிவு செய்யுங்கள். குறை ஏதும் தெரிந்தால் மருத்துவரிடமும் சொல்லுங்கள்.