துணியில் ஓடும் விக்டோரியா காலத்துப் பூங்கொடி: இணைப்புத் தெரியாமல் வரைவது எப்படி?

ஒரே படம் துணி முழுவதும் திரும்பத் திரும்ப வர வேண்டும்; ஓரங்கள் சேரும் இடம் தெரியக் கூடாது. முதலில் கொடியை வரையுங்கள். பூ பிறகு வரட்டும். லண்டனை ஒட்டிய மெர்ட்டன் ஆபி பட்டறையில் ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் அச்சிட்ட ‘ஈவன்லோடு’ (1883), ‘வாண்டில்’ (1884) ஆகிய துணிகளைப் பாருங்கள். தண்டு மூலைவாட்டில் வளைந்து ஏறுகிறது. பூக்கள் அதைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுமே ஆறுகளின் பெயர்கள். வாண்டில் ஆற்றில்தான் அங்கே துணி அலசினார்கள்.

20 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரமுள்ள தாளை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மூலைவாட்டில் ஒரு கொடி, அதில் பக்கவாட்டில் பார்த்த ஒரு டியூலிப், இரண்டு நீள இலைகள் போதும். ஓரங்களைத் தொடாதீர்கள். ஒவ்வொரு காம்பும் எந்தத் தண்டிலிருந்து கிளைக்கிறது என்பது தெரிய வேண்டும். அந்தரத்தில் மிதக்கும் பூவை எந்த நிறமும் காப்பாற்றாது.

தாளை நான்கு சம துண்டுகளாக வெட்டிப் பின்புறம் எண் போடுங்கள்: மேலே இடது 1, வலது 2, கீழே இடது 3, வலது 4. இப்போது மேல்வரிசையில் 2, 3. கீழ்வரிசையில் 4, 1 என்று மாற்றி, பின்பக்கம் ஒட்டுங்கள். எந்தத் துண்டையும் சுழற்றக் கூடாது. நடுவில் வெற்றிடம் தோன்றும். கொடியின் முனைகளை அதன் வழியே இணைத்துவிடுங்கள். இலைகளை வெட்டுக்கோட்டின் மேலேயே படரவிடுங்கள். பிறகு குறுக்கே வெட்டிக் கீழ்வரிசையை மேலே கொண்டுவந்து, மிஞ்சிய இடைவெளியையும் நிரப்புங்கள்.

பெரிய பூக்களுக்கு இடையில் சிறு இலைகளும் புள்ளிகளும் தூவலாம். அன்றைய மர அச்சுக்கட்டைகளில் அந்தப் புள்ளிகள் பித்தளை ஊசிகள். மெல்லிய கோடுகள் உலோகத் தகடுகள். ஈவன்லோடுக்கு மட்டும் 33 கட்டைகள் தேவைப்பட்டன!

நிறம் தீட்டும் முன் சில நகல்கள் எடுத்து, பக்கத்து நகலை அரை உயரம் கீழே இறக்கி வையுங்கள். தள்ளி நின்று கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். வெள்ளைச் சந்து ஏதாவது தெரிந்தால் அங்கே ஓர் இலை வேண்டும்.

நிழல் வேண்டாம், தட்டையான நிறமே போதும். மெர்ட்டனில் துணி முழுவதையும் அவுரி நீலத்தில் தோய்த்தார்கள். பிறகு சாயம் நீக்கும் கலவையைக் கட்டையால் அச்சிட்டு, வேண்டிய இடத்தில் வெள்ளையோ வெளிர்நீலமோ வரவழைத்தார்கள். அந்த வெளிர்நீலத்தின் மேல் மஞ்சள் விழுந்தால் பச்சை. வாட்டர்கலரிலும் இதே வரிசைதான்: நீலம் நன்றாகக் காய்ந்த பிறகே மஞ்சளைத் தொடுங்கள்.